கணவாய்க்கு அந்தப் பக்கம்

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம். வாசலில் நிற்கும் சைக்கிள்களை எண்ணிக்கொண்டேதான் உள்ளே வந்தேன். மனசு நிறைந்துவிட்டது.

லடாக்கில் எங்கே போனாலும் ஓரெழுத்து ஒருமொழி ஒன்று காதில் விழும்: 'லா'. கணவாய் என்று பொருள். பாரலாச்சா லா, தங்லங் லா, கார்துங் லா. நம் பழைய சொல் சுரம். சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போகிற தலைவன் கடக்கும் கொடிய வழி அது. மலையாளத்தில் இன்றைக்கும் கணவாய்க்குச் சுரம் என்றுதான் பெயர். தாமரைச்சேரிச் சுரம் ஏறியவர்கள் இங்கே இருப்பீர்கள். சிகரம் ஏறுகிறவர் பெரும்பாலும் வந்த வழியே இறங்குவார். சுரம் கடக்கிறவருக்கோ அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. அதற்காகத்தான் நான் கணவாய்களைப் பிடித்துக்கொண்டேன்.

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரம் வரை ஐந்து கணவாய்கள். முதலாவது ரோதாங், 3,978 மீட்டர். கடைசியாக வரும் தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். 2020இல் ரோதாங்குக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்துவிட்டார்கள். காரில் போகிறவர்கள் இரண்டே நாளில் லே சேர்ந்துவிடுகிறார்கள். எனக்குச் சைக்கிளில் பதினோரு நாள் ஆனது. நான் ரோதாங் மேலேயே ஏறிப் போனேன்.

ஏற்றம் என்றால் செங்குத்தாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ராணுவ லாரிகள் ஏற வேண்டிய சாலை, சரிவு தாங்கக்கூடியதுதான். நீளம்தான் ஆளைச் சாய்க்கும். வழியில் கூடாரங்கள் போட்டுத் தங்கும் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டியதும் கட்டா வளைவுகள், 21 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன கியரில் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு முன் தண்ணீர் குடித்த இடம் கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். இன்னொன்று, பனி உருகி வரும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே பாயும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறினால் மதியம் முழங்காலைத் தாண்டும். அதனால் விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே இருக்கிற யாராவது ஒருவர் அடுத்த வருடமே அங்கே கிளம்பலாம். மேலே ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடுவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஒரே மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. முதலில் மூச்சு வேகமாகும், பிறகு சிறுநீரகம் இரத்தத்தைச் சரிசெய்யும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு எடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கால் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஓர் ஓய்வு நாளை விழுங்கிவிட்டு சர்ச்சு போய்ப் படுத்தேன். அது 4,200 மீட்டருக்கு மேல். நள்ளிரவில் மண்டை பிளக்கும் வலி, வாந்தி. மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலோ எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். தெற்கே பாரலாச்சா லா, வடக்கே கட்டா வளைவுகள். மறுநாள் முழுக்க அசையாமல் கூடாரத்தில் கிடந்தேன். வலி குறைந்ததால் தப்பித்தேன். குழறிப் பேசினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ காத்திருக்கக் கூடாது. கிடைத்த வண்டியில் ஏற்றி இறக்கிவிட வேண்டும். விமானத்தில் 3,500 மீட்டரில் உள்ள லேயில் இறங்கி, மறுநாளே காரில் கார்துங் லாவுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கார்துங் லாவின் பலகையில் 18,380 அடி என்று வெகுகாலம் எழுதியிருந்தது. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. என்னைக் கேட்டால், எண்ணைவிட அந்த வழி பெரியது. லேயிலிருந்து மத்திய ஆசியாவின் யார்க்கந்து நகருக்கு வணிகர்கள் போன தடம் அது. கணவாய்க்கு அந்தப் பக்கம் நுப்ரா பள்ளத்தாக்கில், ஹுண்டர் மணல்மேட்டில் இன்று சுற்றுலாக்காரர்களைச் சுமக்கிற இரட்டைத் திமில் ஒட்டகங்கள், அந்த வணிகம் விட்டுப்போன வழித்தோன்றல்கள்.

பாரலாச்சா லாவில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெற்கே உருகும் பனி சூரஜ் தால் ஏரி வழியாக பாகா ஆறாகி, சந்திராவோடு சேர்ந்து செனாப் ஆகிறது. வடக்கே உருகுவது சன்ஸ்கார் ஆற்றில் கலந்து சிந்துவுக்குப் போகிறது. பாகிஸ்தானில் மிதான்கோட் பக்கத்தில் இரண்டு தண்ணீரும் மறுபடி ஒன்றாகின்றன. காரில் வந்த குடும்பம் ஒன்று படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. அவர்களைக் குறை சொல்லவில்லை. தலைவலி வருவதற்குள் இறங்க வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு.

கடைசியாக, நடந்து போன ஷிங்கு லா. இமாச்சலத்தின் லாகவுலில் இருந்து லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்குக்குப் போகிற கணவாய், சுமார் 5,090 மீட்டர். நான் போனபோது அதன் மேல் சாலை கிடையாது. லாகவுல் பக்கத்துத் தார்ச்சா கிராமத்தில் மட்டக்குதிரைக்காரர் ஒருவரோடு சேர்ந்து நடந்தேன். இப்போது அதன் வழியாக 298 கிலோமீட்டர் நிம்மு–பதும்–தார்ச்சா சாலை வந்துவிட்டது. 2024இல் சுரங்க வேலையும் தொடங்கியிருக்கிறது. "அழகு போய்விட்டதே" என்று நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் வலிக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நாட்கணக்கில் நடந்து லேக்குப் போனவர்கள் சன்ஸ்கார் மக்கள். பிரசவ வலி கண்ட பெண்ணுக்குச் சாலை வேண்டாம் என்று சொல்ல, பத்து நாள் விடுமுறையில் போன எனக்கு உரிமை இல்லை.

ஜூலைத் தொடக்கம். உச்சியில் முழங்கால் வரை பனி. குதிரைக்காரர் அங்கே கட்டியிருந்த பிரார்த்தனைக் கொடிகளுக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, "கி கி ஸோ ஸோ ல்ஹா கியலோ" என்று கூவினார். தேவர்களுக்கு வெற்றி என்று அர்த்தம். நானும் ஒரு கல் வைத்தேன். இறங்கி, கும்போரஞ்சன் என்ற ஒற்றைப் பாறைமலையைச் சுற்றிக்கொண்டு கர்கியாக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலு நாளைக்குப் பிறகு கண்ணில் பட்ட முதல் பார்லி வயல்.

அங்கே ஒரு பாட்டி உப்புத் தேநீர் கொடுத்தார். நான் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. மேலே பனி இறுகியிருக்கிறதா, குதிரைக் கால் புதைகிறதா என்றுதான் கேட்டார். விடியற்காலையில் இறுகியிருக்கிறது, பத்து மணிக்கு மேல் புதைகிறது என்று குதிரைக்காரர் வழியாகச் சொன்னேன். பாட்டி உள்ளே திரும்பி மகனிடம் ஏதோ சொன்னார். மறுநாள் இருட்டு விலகும் முன்பே மணிச்சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அவர் மகன் ஐந்து குதிரைகளோடு, நாங்கள் வந்த அடிச்சுவட்டில் மேலே போய்க்கொண்டிருந்தார்.