சட்டத்துக்கு ஏரிக்கரையில் வீடு இல்லை

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே, இடம் கிடைக்காமல் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

ஏரிக்கரைக் குடியிருப்பின் மரபைக் காப்பது அரசின் சட்டமா, அக்கம்பக்கத்து மனிதர்களா? இதுதான் தலைப்பு. அக்கம்பக்கத்து மனிதர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு போடு போட்டார். "குடியிருப்போர் சங்கம் என்றால் என்னய்யா? வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு. அதில் பாதி நேரம் கார் நிறுத்தும் தகராறு, மீதி நேரம் டீயும் போண்டாவும். இவர்களா ஏரியைக் காப்பார்கள்?" என்றார். கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். உண்மையைச் சொன்னால் தட்ட வேண்டாமா? ஆனால் அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். கார் நிறுத்தச் சண்டை போடுகிற மனிதருக்கு எதிர்வீட்டுக்காரர் யார், அவர் எத்தனை மணிக்கு வருவார், அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் தெரியும். இந்தக் கடைசி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதில்தான் ஏரியின் உயிரே இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சகோதரி ஒருவர் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொன்னார். நல்ல சட்டம், மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் என்று கணக்கில் இருப்பவை சுமார் 39,000. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் சென்னையில் தியாகராய நகர் எங்கே நிற்கிறது? 1920-களில் தூர்த்த மாம்பலத்து நெடிய ஏரியின் மேல். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம்? நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை? உலகனேரிக் கண்மாயில். இதையெல்லாம் யாராவது ராத்திரியில் மண் லாரி கொண்டுவந்து திருட்டுத்தனமாக மூடினார்களா? முறைப்படி கோப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித்தான் மூடினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூவும் இருக்கிறது. லேக் மட்டும்தான் இல்லை.

சட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. சட்டத்துக்கு ஏரியில் வேலை கிடையாது என்கிறேன். அது குளிக்க வராது, மாடு கழுவாது, மீன் பிடிக்காது. ஏரியோடு தினமும் வேலை இருப்பவன்தான் அதில் ஒரு முழம் குறைந்தால் கவனிப்பான்.

உடனே எதிரணி உத்திரமேரூருக்கு ஓடியது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டிய சட்டம் இருக்கிறதே!" என்றார்கள். இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. அரசன் அனுப்பிய அலுவலர் உடனிருந்தார், அதுவும் சரி. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது யார்? ஊரின் வார்டுகளான 30 குடும்புகளிலும் ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறு பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னது அந்த ஊர்ச் சபைதான். ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். முந்தைய மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. கணக்குக் காட்டாமல் போனவனும் நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை நம் ஊர்ச் சங்கங்களில் அமல்படுத்தினால் பொருளாளர் நாற்காலியை வாடகைக்கு விடலாம். (பொருளாளர் சிரிக்கிறார். கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.)

அந்த உத்திரமேரூரை நான் கோயிலாக்கிக் கும்பிடப் போவதில்லை. அது பிராமணச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கு இடமில்லை, மடையைத் திறக்கத் தண்ணீருக்குள் முங்கியவனுக்கும் இடமில்லை. அக்கம்பக்கம் என்று நான் சொல்லும்போது அந்த அக்கம்பக்கத்தைச் சொல்லவில்லை. இன்றைய சங்கங்களிலும் இந்த வியாதி உண்டு. மனை வாங்கியவர் உறுப்பினர், வாடகைக்காரர் பார்வையாளர், கரையோரம் மூன்று தலைமுறையாக வலை போடுபவர் அந்நியர். இதை மாற்றாமல் மரபு மரபு என்று பேசினால் எதிரணி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மரபை நிர்ப்பந்தமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறதே. குடிமராமத்து என்று நாம் சொல்வது, ஊரார் சேர்ந்து கரையை உயர்த்தி வாய்க்காலைத் தூர்வாருகிற வேலை. 1858-இல் வெள்ளைக்கார அரசு அதற்கு ஒரு சட்டம் போட்டது. வழக்கப்படி செய்துவந்த வேலைக்கு வராவிட்டால் பணம் கட்டு என்றது. பலன்? குடிமராமத்து வளர்ந்ததா? தேய்ந்தது. வரியை முழுக்க அரசு எடுத்துக்கொண்டது, ஊர்ப் பொதுவில் காசு இல்லை, ஏரி சர்க்கார் சொத்து என்றாகிவிட்டது. சர்க்கார் ஏரிக்கு நான் ஏன் மண்வெட்டி எடுக்க வேண்டும் என்று ஊரார் நினைத்தார்கள். அதில் என்ன தப்பு? 2017-இல் தமிழ்நாடு அரசே குடிமராமத்து என்ற பெயரில் திட்டம் கொண்டுவந்து, விவசாயிகளைப் பங்கெடுக்க அழைத்தது. சட்டத்தால் முடியாததை மறுபடி குடிகளிடம் கேட்க வேண்டி வந்தது பாருங்கள்.

இப்போது வேடந்தாங்கலுக்கு வருகிறேன். என் கட்சி முழுக்க அந்த ஒரு ஏரியில் நிற்கும்.

சுமார் 30 ஹெக்டேர் ஏரி. பெரிய ஏரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கிண்ணம். மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வந்து, நீருக்குள் நிற்கிற மரங்களில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் போட்ட மாதிரி பயிர் கறுத்து வளரும். உழவருக்கு இது தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் போய், எங்கள் ஏரியில் சுடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1858-இல் திரும்பவும் ஒருமுறை வாங்கினார்கள். அரசு அதைச் சரணாலயம் என்று ஏற்றது 1936-இல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். யார் முதலில், யார் பின்னால்? கணக்கை நடுவரே போட்டுக்கொள்ளட்டும். சரி, சட்டம் வந்த பிறகாவது நிம்மதியா? சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்று 2020-இல் கருத்துரு அனுப்பியதே வனத்துறைதான். காக்க வேண்டிய கை எல்லைக்கல்லைத் தூக்கப் பார்த்தபோது குரல் கொடுத்தவர்களில் அந்தச் சுற்றுவட்டார மக்களும் இருந்தார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தமே கேட்காது. பல பத்தாண்டுகளாக அப்படித்தான். கண்மாயில் குஞ்சு பொரித்திருக்கும் பறவை பயந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பத்து வயதுப் பையனிடம், தீபாவளி அன்றைக்கு, வெடி போடாதே என்று எந்தச் சட்டத்தால் சொல்ல முடியும்? அப்பத்தா சொன்னால் கேட்பான். வனத்துறை இப்போது அந்த ஊருக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. அரசு இனிப்போடு வரட்டும், நாங்கள் வேண்டாம் என்றா சொல்கிறோம்?

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் கிராமம். நகரத்து ஏரிக்கரையில் பாசனமே இல்லையே, அங்கே அக்கம்பக்கத்துக்கு என்ன வேலை?" நல்ல கேள்வி. இன்று பேசியவர்களில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது இவர்தான்.

இதற்குக் கலிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் கலிங்கு. பழைய கலிங்குகளில் மேலே வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள், பல் மாதிரி. பெருமழைக் காலத்தில் கற்களுக்கு நடுவே இடைவெளி திறந்திருக்கும். மழை ஓய்ந்து, இனி வெள்ளம் வராது என்று தெரிந்ததும் அந்த இடைவெளியில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். ஓரிரு அடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும், கோடையில் கை கொடுக்கும். ஆனால் எந்த நாளில் அடைப்பது? சீக்கிரம் அடைத்தால் கரை உடையும். தாமதித்தால் தண்ணீர் கடலுக்குப் போகும். கீழ்க்கரை வயல்காரன் அடை என்பான், மேல்பக்கத்து நிலத்துக்காரன் என் நிலம் முழுகும், அடைக்காதே என்பான். இரண்டு பேரும் கரையில் நின்று கத்தி, தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியைக் கேட்டு, வானத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்தத் தேதி எந்த அரசிதழிலும் கிடையாது.

நகரத்தில் வயல் போய்விட்டது, வயலோடு அந்தச் சண்டையும் போய்விட்டது. சண்டை போட ஆளில்லாத ஏரிதான் முதலில் குப்பைமேடு ஆகும். அப்படியானால் அங்கே ஆயக்கட்டுதாரர், அதாவது ஏரித் தண்ணீரை நம்பி வாழ்பவர், யார்? ஏரியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்டு அதன் தண்ணீரைக் குடிக்கிற நாம்தான். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகர் முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, போக்குவாய்க்கால் எந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று அன்றைக்கு விரல் நீட்டிச் சொன்னது பழைய ஊர்க்காரர்கள். சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் ஏரி வறண்டபோது குடியிருப்பவர்களே இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அரசு நிதி ஒதுக்கியது அதற்கு அப்புறம்.

இப்போது அந்தக் குழாய். மழைநீர் வடிகாலில் கழிவுநீரைக் கள்ளத்தனமாக இணைத்தால் அது நேரே ஏரிக்குத்தான் போகும். அதிகாரி வந்தால் ஏரி முகப்பில் நின்று மூக்கைப் பிடித்துக்கொள்வார், நோட்டீஸ் எழுதுவார். யாருக்கு அனுப்புவார்? அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்த இரவில் தெருவைத் தோண்டினார்கள் என்று தெரியும். வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். "ஏன் தம்பி, உன் பிள்ளையும் இந்தப் போர்த் தண்ணியைத்தானே குடிக்கிறான்?" என்று அக்கா வாசலில் நின்று கேட்டால் அடுத்த வாரமே கொத்தனார் வருவார். வராவிட்டால் அப்போது சட்டத்தைக் கூப்பிடுவோம். புகாரில் வீட்டு எண்ணை எழுதிக் கொடுக்கப் போகிறவரும் அந்த அக்காதான்.

இன்னொன்று, மரபு என்றால் கரை மட்டும் இல்லை. கரைமேல் ஐயனார் இருக்கிறார், மீன்பிடித் திருவிழா இருக்கிறது. தண்ணீர் வற்றிய கண்மாயில் வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாக்கூடையோடு நூற்றுக்கணக்கில் இறங்குவார்களே, சேற்றில் கூடையை அழுத்தி, மேல்வாயில் கைவிட்டுத் துழாவி, துள்ளுகிற விராலைப் பிடிப்பார்களே, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஊருக்கும் அன்று தடையில்லை. அந்த ஒரு நாளுக்காகவே வருஷம் முழுக்கக் கண்மாயில் யாரும் களவாக வலை போடாமல் ஊர் பார்த்துக்கொள்ளும். இதற்குக் காவல்துறை எத்தனை பேரை நிறுத்தும்?

மணி அடித்துவிட்டது. நடுவர் முறைக்கிறார். ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐப்பசி மழை, நள்ளிரவு, மின்சாரம் இல்லை. மதகுப் பலகையைத் தூக்க வேண்டும். திருகுச் சாவி ஒரு வீட்டில் இருக்கிறது. அது எந்த வீடு, அவர் தூங்கினால் எந்த ஜன்னலைத் தட்ட வேண்டும், அவர் ஊரில் இல்லாவிட்டால் சாவி யாரிடம்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கான பதிலை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். நான் என் கட்சியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.