பச்சை ஸ்கார்ஃபும் மூன்றரை வட்டியும்

(மதுரையில் கல்லூரி மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கும் மாணவியர்க்கும் வணக்கம்.

சோஃபி கின்செல்லாவின் நாவல்களைத் தழுவி, பி. ஜே. ஹோகன் இயக்கத்தில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஷாப்பஹாலிக்' படத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கிரெடிட் கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்துத் துணிமணி குவிக்கும் ரெபெக்கா என்ற நியூயார்க் பெண், சேமிப்பைப் பற்றிய பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்து ஊருக்கெல்லாம் சிக்கன யோசனை சொல்கிறாள்; அதன் ஆசிரியரையே காதலிக்கவும் செய்கிறாள். காதல் எப்படி முடியும் என்பது முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடுவதால் அதை விட்டுவிடுகிறேன்.

பச்சை ஸ்கார்ஃப் வாங்கும் காட்சிக்கு வருவோம். விலை 120 டாலர். ரெபெக்கா தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு கார்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்ல, ஒரு கார்டு செல்லாமல் போய் 20 டாலர் குறைகிறது. அந்த இருபதுக்காகத் தெருவோரத் தின்பண்டக்காரரிடம் மன்றாடும்போது, முன்பின் தெரியாத ஒருவரின் காதில் விழும்படி, உடம்பு முடியாத அத்தைக்காக வாங்குவதாகச் சொல்கிறாள். யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே பொய் வந்துவிடுகிறது. கடன்பட்டவரின் மனத்தை இவ்வளவு சரியாகக் காட்டிய இடம் படத்தில் வேறில்லை.

தீபாவளி நெருங்கும்போது விளக்குத்தூணிலும் தெற்கு மாசி வீதியிலும் கூட்டத்தில் நசுங்கித் துணி எடுத்தவர்கள் நாம். வட்டிக் கணக்கும் நமக்குப் புதிதல்ல. "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று படிக்காத பாட்டியும் சொல்லிவிடுவார். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டமே வந்த மாநிலம் இது. ஆனால் கிரெடிட் கார்டு பில்லில் மாதம் 3.5 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால், அது மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42 ரூபாய் என்று நமக்கு உறைப்பதில்லை. தெருவில் கேட்டால் பதறும் வட்டியைக் குளிரூட்டிய கடையில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறோம்.

படம் வழுக்கும் இடம் முடிவுதான். ரெபெக்கா தன் உடைகளை ஏலத்தில் விற்றுக் கடனை அடைக்கிறாள். ஒருமுறை உடுத்திய பட்டுப்புடவையை இங்கே விற்றுப் பாருங்கள். சரிகைக்காக எடுப்பவர் தரும் தொகை பாதி விலைக்கும் எட்டாது. பாட்டிமார் ஆசைப்பட்டு வாங்கிய நகையாவது ஆபத்துக்கு அடகுக்குப் போயிற்று. இன்று தவணையில் வாங்கும் சுடிதாருக்கு எந்த அடகுக்கடையிலும் மதிப்பில்லை.

இன்னொரு காட்சியில், ஆசையாக வாங்கிய வண்டியை மகளின் கடனுக்காக விற்கத் தந்தை முன்வருகிறார், மகள் மறுத்துவிடுகிறாள். நகைச்சுவைப் படத்தில் அந்த மறுப்பு எளிதாகக் கடந்துபோகிறது. நம் வீடுகளில் மகள் வாய் திறப்பதற்குள் அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதை மீட்கும் வரை அம்மா மஞ்சள் கயிற்றோடு கல்யாண வீடுகளுக்குப் போய் வருவார்.