கலயத்தில் பூசும் சுண்ணாம்பு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

பங்குனி மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில், அதாவது திருச்செந்தூர், சாத்தான்குளத்தைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஊர்களில், இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கும். ஒன்று, லெந்து நாட்கள். கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து உபவாசமும் ஜெபமுமாக நாங்கள் கழிக்கும் 40 நாட்கள். கத்தோலிக்க அன்பர்கள் தவக்காலம் என்பார்கள். மற்றொன்று, பதநீர். வருஷத்திலேயே நாக்கை அடக்கிக்கொள்ளச் சொல்லும் காலமும், வருஷத்திலேயே தித்திப்பான பானம் இறங்கும் காலமும் ஒன்றாக வந்துவிடும்.

என் தாத்தா பனையேறியவர். விடியற்காலையில் இடுப்பில் பாளை அரிவாளோடு மரம் ஏறி இறங்குவார். ஆச்சி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், அதைக் காய்ச்சுவாள். அது கருப்பட்டிப் பதம் வருவதற்குச் சற்று முன்னால், கூப்பனியாக இருக்கும்போது, ஒரு சிரட்டையில் கொஞ்சம் ஊற்றித் தருவாள். அதற்காகவே அடுப்பு வெக்கையில் காத்துக் கிடப்போம். ஒரு லெந்து நாளில், கோவிலில் கேட்ட பிரசங்கம் மனதில் இருந்ததால், பனையோலைப் பட்டையில் தாத்தா ஊற்றிக் கொடுத்த பதநீரைக் குடிக்காமல் நின்றேன். “குடிச்சா பாவமா ஆச்சி?” என்று கேட்டேன். ஆச்சி, “கர்த்தர் மரத்துல ஊற வச்சதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு? ஸ்தோத்திரம் சொல்லிட்டுக் குடி” என்றாள்.

அந்தப் பழைய கேள்வி போன மாதம் திரும்ப என்னிடம் வந்தது. எங்கள் சபையின் வாலிபர் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி நின்றான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல சம்பளம். “சார், ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டாக்கூட மனசு உறுத்துது. சந்தோஷமா இருந்தாலே பாவத்துக்குப் பக்கத்துல போயிட்ட மாதிரி இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டா சோதனை வராதுல்ல?” என்றான். அன்றைக்கு நேரமில்லாமல் பாதிதான் சொன்னேன். மீதியை அவனும் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைவோடு இன்று சொல்லுகிறேன். அவனுடைய அனுமதியோடுதான் இதைப் பேசுகிறேன்.

வேதாகமத்தின் தொடக்கத்துக்கே போவோம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஏதேன் தோட்டத்து மரங்களைப் பற்றிச் சொல்லும்போது, “பார்வைக்கு அழகும் புசிப்புக்கு நலமுமான” மரங்கள் என்று எழுதியிருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் ஏவாள் விலக்கப்பட்ட மரத்தைப் பார்க்கிறாள். அது “புசிப்புக்கு நல்லதும், பார்வைக்கு இன்பமும்” என்று காண்கிறாள். கவனித்தீர்களா? கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அந்த மரத்தில் அவள் கண்ட அழகு தோட்டத்தில் எல்லா மரத்திலும் இருந்தது. அந்த ருசியும் எல்லாக் கனியிலும் இருந்தது. அழகும் ருசியும் அவளுக்கு ஏற்கெனவே கை நிறையக் கொடுக்கப்பட்டிருந்தன.

அப்படியானால் அவள் எங்கே சறுக்கினாள்? சர்ப்பம் கேட்ட கேள்வியைப் பாருங்கள். “நீங்கள் தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ?” தேவன் சொன்னதோ, சகல மரத்தின் கனியையும் “புசிக்கவே புசிக்கலாம்” என்பது. விலக்கியது ஒரே ஒரு மரத்தை. சர்ப்பம் அதைத் தலைகீழாக்கி, கடவுளை ஒரு கஞ்சனாகக் காட்டிவிட்டது. சோதனை முதலில் பழத்தைக் காட்டவில்லை. ‘உனக்கு ஒன்றும் தரப்படவில்லை’ என்ற நினைப்பை ஊட்டியது. அந்த நினைப்பு உள்ளே போன பிறகு, நூறு மரங்கள் கண்ணுக்கு மறைந்து ஒரு மரம் மட்டும் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒருவரை அதே ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தில் காட்டுகிறது. யோசேப்பு. அண்ணன்மார் விற்றுப்போட்டு, எகிப்தில் அடிமையாக இருக்கும் வாலிபன். “எனக்கு என்ன கிடைத்தது?” என்று கசந்துகொள்ள அவனுக்கு எத்தனையோ காரணம் உண்டு. எஜமானின் மனைவி தன் இச்சைக்கு இணங்கும்படி அவனை அழைக்கிறாள். அவன் என்ன பதில் சொல்லுகிறான்? முதலில் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்டவற்றை எண்ணுகிறான். வீட்டில் உள்ளதையெல்லாம் எஜமான் என் கையில் ஒப்புவித்திருக்கிறார், இந்த வீட்டில் என்னிலும் பெரியவன் இல்லை, உன்னைத் தவிர வேறொன்றையும் அவர் எனக்கு விலக்கிவைக்கவில்லை என்கிறான். அதன் பிறகுதான், “தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி” என்று கேட்கிறான். ஒரு அடிமை தன்னிடம் இருப்பதை எண்ணிப் பார்க்கிறான். தோட்டம் முழுவதையும் வைத்திருந்தவளோ எண்ண மறந்தாள். இந்த இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாளிலிருந்து, சோதனையைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த விதமே மாறிப்போனது.

ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், 354-ஆம் ஆண்டு பிறந்து, பின்னாளில் பெரிய வேத அறிஞரான அகஸ்தீன் தன் 16 வயதில் செய்த ஒரு திருட்டை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. சிநேகிதரோடு சேர்ந்து இரவில் பக்கத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கி, சுமை சுமையாக அள்ளிக்கொண்டு போனார்கள். பசிக்காக அல்ல. அவரிடமே அதைவிட நல்ல பேரிக்காய் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள். பேரிக்காயை ருசித்துச் சாப்பிட்டிருந்தால்கூட அவர் மனம் இவ்வளவு நடுங்கியிருக்காது. அந்தப் பழத்தின்மேல் அவருக்கு ஆசைகூட இல்லை. விலக்கப்பட்டதைச் செய்கிறோம் என்பதில் மட்டுமே ஆசை இருந்தது.

சரி, அந்தத் தம்பியிடம் வருவோம். பேசப் பேச அவன் மனதைத் திறந்தான். பாவத்துக்குப் பயந்து அவன் விட்டவை எவை தெரியுமா? வேலை முடிந்து நண்பர்களோடு சாப்பிடப் போவதை விட்டான். சனிக்கிழமை பந்து விளையாடுவதை விட்டான். கிட்டார் வாசிப்பான், அதையும் பரணில் ஏற்றிவிட்டான். அதன் பிறகு மிஞ்சியது ஒரு தனி அறை, இரவு பதினொரு மணி, கையில் போன். அங்கேதான் அவன் விழுந்துகொண்டிருந்தான். எதைப் பார்க்கக் கூடாது என்று அழுது ஜெபித்தானோ, அதையே நடுநிசி தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை வாசித்துக் காட்டினேன். “திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான், பசியுள்ளவனுக்குக் கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்.” நல்ல சந்தோஷங்களையெல்லாம் பட்டினி போட்ட மனம் கசப்பையும் தித்திப்பு என்று விழுங்கும். நண்பர்களோடு சிரித்துச் சாப்பிட்ட அந்த மேஜை அவனுக்கு ஒரு வேலியாக இருந்திருக்கிறது. அவனே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டான்.

“தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே” என்று மட்டுமே சொல்லிக்கொடுத்த போதகத்தைப் பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, “தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது, ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படுமாகில் ஒன்றும் தள்ளப்படத்தக்கதல்ல” என்கிறார். ஆச்சி எனக்குச் சொன்னது இந்த வசனத்தைத்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டது.

ஆனால் ஸ்தோத்திரம் என்பது வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விருப்பப்படி நடப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் எனக்குத் தாத்தாவின் கலயம் நினைவுக்கு வருகிறது.

பனம்பாளையைச் சீவிவிட்டால் வடிவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் அது பதநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு பூசாமல் கட்டினால் சில மணி நேரத்திலேயே புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, கலயமும் ஒன்று. வித்தியாசம் அந்த மெல்லிய வெள்ளைப் பூச்சில் இருக்கிறது. நேற்றுப் பூசிய சுண்ணாம்பு இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு முறை கலயத்தைக் கட்டும்போதும் தாத்தா புதிதாகப் பூசுவார். அதே சமயம், சுண்ணாம்பு கூடிப்போனாலும் கெடுதல்தான். வாயில் வைக்க முடியாது. அந்த அளவு அவர் விரலுக்குத் தெரியும்.

அந்த அளவு தெரியாமல்தான் நாம் தடுமாறுகிறோம். சிலர் பூசாமலே கட்டிவிடுகிறோம். நம் தம்பியைப் போன்ற உத்தமமான பிள்ளைகள் கலயம் முழுவதையும் சுண்ணாம்பால் நிரப்பிவிட்டு, ஏன் குடிக்க முடியவில்லை என்று அழுகிறார்கள்.

எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி அந்தோணியாரைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. கடுந்தவம் செய்தவர். அவர் சகோதரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு வேடனுக்கு அதிர்ச்சி. “உன் வில்லில் அம்பைப் பூட்டி இழு” என்றார் அந்தோணியார். இழுத்தான். “இன்னும் இழு” என்றார். இழுத்தான். மறுபடியும் இழுக்கச் சொன்னபோது, “இதற்கு மேல் இழுத்தால் வில் முறிந்துவிடும்” என்றான் வேடன். மனுஷரும் அப்படித்தான் என்றார் அந்தோணியார். வனாந்தரத்துக்கே போனவர் சொன்னது இது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். சோறாக்க அரிசி எடுக்கும்போது, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். சேர்ந்ததைக் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். இல்லாத வீட்டிலும் ஆச்சி அதைத் தவறவிட்டதில்லை. அந்த ஒரு பிடி போனதும், மீதி அரிசி எல்லாம் தனக்குக் கொடுக்கப்பட்டது என்ற நிறைவோடு சமைப்பாள். அவளுடைய சுண்ணாம்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பிக்கும் அப்படிச் சில சின்னக் காரியங்களைத்தான் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்குமேல் போனை அறைக்கு வெளியே, கூடத்தில் சார்ஜ் போடு. யோசேப்பு அந்தப் பெண்ணோடு நின்று வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை, மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். ஓட வேண்டிய இடத்தில் ஓடுவது கோழைத்தனமல்ல. அப்புறம், பரணிலிருந்து கிட்டாரை இறக்கு. சனிக்கிழமை விளையாடப் போ. சாப்பாட்டின் முன்னால் கண்மூடும்போது, ‘நன்றி ஆண்டவரே’ என்று அவசரமாக முடிக்காமல், அன்றைக்குக் கிடைத்த மூன்று நன்மைகளைப் பேர் சொல்லி நன்றி கூறு.

இயேசுவையே பாருங்கள். வனாந்தரத்தில் 40 நாள் உபவாசமிருந்து பசியுண்டான வேளையில், கல்லை அப்பமாக்கச் சொன்னான் சோதனைக்காரன். அப்பம் கெட்டதா? இல்லை. ஆனாலும் பிதாவின் கையிலிருந்து வராத அப்பத்தை அவர் தொடவில்லை. அதே இயேசு கானா ஊர்க் கலியாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோனபோது, ஆறு கற்சாடிகளின் தண்ணீரை ரசமாக்கினார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். தன் பசிக்கு ஒரு கல்லைக்கூட மாற்றாதவர், யாரோ ஒரு வீட்டு விருந்து குறைவுபடக் கூடாது என்று அவ்வளவு தாராளமாகக் கொடுத்தார். “போஜனப்பிரியன்” என்று அவரை ஊர் ஏசியது. விருந்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை.

அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று ஒரு விண்ணப்பம். “எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்” என்று ஒரு விண்ணப்பம். இரண்டுக்கும் நடுவில் மன்னிப்பு இருக்கிறது.

அந்த நடு வரிக்காகத்தான் தம்பி கடைசியில் கேட்டான். “திரும்பவும் விழுந்துட்டா சார்?” என்று. அவனுக்குப் பேதுருவைப் பற்றிச் சொன்னேன். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, “அவரை எனக்குத் தெரியாது” என்று பேதுரு மறுதலித்தான். அங்கே எரிந்தது கரிநெருப்பு என்று யோவான் எழுதுகிறார். பிறகு திபேரியாக் கடற்கரையில் ஒரு விடியற்காலம். இரவெல்லாம் ஒரு மீனும் அகப்படாத சீஷர்களின் வலையில், கரையில் நின்றவர் சொன்னபடி போட்டதும் 153 பெரிய மீன்கள். பேதுரு கடலில் குதித்துக் கரையேறுகிறான். அங்கேயும் கரிநெருப்பு. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பமும் இருக்கிறது. மறுதலித்ததைப் பற்றி இயேசு முதலில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்பைப் பற்றிய கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். இரவெல்லாம் வலை இழுத்துக் களைத்து, நனைந்து நின்றவர்களைப் பார்த்து அவர் சொன்னது, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.”

நன்றி, வணக்கம்.