கட்ட வேண்டியது பிள்ளையின் காலையா, விற்பவரின் கையையா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இளையோரை வளர்ப்பதிலும் அவர்களுக்கான ஊடகத்தை அமைப்பதிலும் பின்பற்றத்தக்கது அமெரிக்க வழியா, ஐரோப்பிய வழியா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். அமெரிக்காவில் பிள்ளையைக் காக்கும் பொறுப்பு பெற்றோரிடமே இருக்கிறது, அரசு வீட்டுக்குள் மூக்கை நுழைப்பதில்லை என்றார். உலகக் குழந்தைகளுக்கு 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அரிய நிகழ்ச்சியைத் தந்த நாடு அது என்றார். ஐரோப்பாவோ திரையில் உடலை மறைக்காமல் காட்டுகிறது, 16 வயதுப் பையன் கையில் பீர் கோப்பையைக் கொடுக்கிறது என்று முடித்துக் கைத்தட்டலும் பெற்றார். மூன்றுக்கும் விடை சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் அணி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கும் சந்தைக்கும் இடையே ஏதோவொரு கட்டுப்பாடு தேவை என்பதை இரு கண்டங்களும் ஒப்புக்கொள்கின்றன. அந்தக் கட்டுப்பாடு யார் மேல் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஐரோப்பா, குறைகள் பல இருந்தாலும், பிள்ளையிடம் விற்க வருபவரின் கையைக் கட்டுகிறது. அமெரிக்கா விற்பவரின் கையை அவிழ்த்து விட்டுவிட்டு, பிள்ளையின் காலைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் கயிற்றைக் கொடுக்கிறது.

அமெரிக்கர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் பெக்கி சாரன் என்ற தாய், அக்கம்பக்கத்துத் தாய்மாரைத் தம் வீட்டுக் கூடத்தில் கூட்டி, குழந்தைகள் தொலைக்காட்சியைச் சீர்திருத்த ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பத்தாண்டுக் காலப் போராட்டத்தின் பயனாக 1978இல் கூட்டாட்சி வணிக ஆணையமே, விளம்பரம் என்றால் என்னவென்று புரியாத வயதுக் குழந்தைகளை நோக்கி விளம்பரம் செய்வதைத் தடுக்கலாமா என்று ஆராயப் புகுந்தது. பொம்மை நிறுவனங்களும் சர்க்கரைத் தானிய உணவு நிறுவனங்களும் திரண்டு எழுந்தன. வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம், ஆணையம் நாட்டுக்கே ஆயா வேலை பார்க்கக் கிளம்பிவிட்டதாகச் சாடியது. 1980இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த முயற்சியை முடக்கியது. 1984இல் தொலைத்தொடர்பு ஆணையம், குழந்தை நிகழ்ச்சிகளின் நடுவே எவ்வளவு நேரம் விளம்பரம் வரலாம் என்றிருந்த வரம்பையும் நீக்கியது. முதலில் கடைக்குப் பொம்மை வந்து, அந்தப் பொம்மையை விற்பதற்காகவே பிறகு கார்ட்டூன் தொடர் எடுக்கப்பட்ட காலம் அது. 'ஹீ-மேன்' பொம்மை 1982இல் வந்தது, தொடர் 1983இல் வந்தது. கடைசியில் 1990இல் பிறந்த குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் என்ன தந்தது? வாரநாள்களில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று ஒரு விளம்பர வரம்பைத் தந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் போராடிய தாய்மாருக்கு விளம்பரக் கட்டுப்பாடாக அந்த நாடு கொடுத்தது அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1991இல், சுவீடன் தன் நாட்டில் வணிகத் தொலைக்காட்சியை அனுமதித்தது. அனுமதித்த அதே வேளையில், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கித் தொலைக்காட்சியில் விளம்பரமே செய்யக் கூடாது என்று சட்டம் செய்தது. பயிர் முளைக்கும்போதே வேலி போட்டார்கள்.

அந்த வேலியில் ஓட்டை இருந்தது என்பதை எதிரணி எடுத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சுவீடன் மக்கள் பார்த்த டிவி3 என்ற அலைவரிசை பிரிட்டனிலிருந்து ஒளிபரப்பானது. அதில் டைனோசர்களைப் பற்றிய ஒரு சிறுவர் இதழுக்கு விளம்பரம் வந்தது. ஒவ்வோர் இதழோடும் டைனோசர் பொம்மையின் ஒரு பாகம் கிடைக்கும். முழுப் பொம்மையும் வேண்டுமானால் குழந்தை எல்லா இதழ்களையும் வாங்கியாக வேண்டும். சுவீடனின் நுகர்வோர் குறைகேட்பாளர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அப்போது பிரிட்டனும் சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறோர் உறுப்பு நாட்டிலிருந்து வரும் ஒளிபரப்பின்மீது சுவீடன் தன் குழந்தை விளம்பரத் தடையை ஏவ முடியாது என்று 1997இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பாவுக்குள்ளும் சந்தை வென்ற தருணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கண்டம் அத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு நாட்டின் வேலி போதாதென்றால் ஒன்றியம் முழுவதற்கும் வேலி வேண்டும் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் எண்ணிம (டிஜிட்டல்) சேவைகள் சட்டத்தின்படி, பயனர் சிறார் என்று தெரிந்திருக்கும்போது அவருடைய தரவுகளைத் துருவி எடுத்து, அவருக்கென்றே குறிவைத்து விளம்பரம் காட்டுவது ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் இணையத் தளங்களுக்குத் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நடுவர் அவர்களே, இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் தேர்ந்தெடுப்பது சிறுவர்களுக்கான செய்தி நிகழ்ச்சி. பிரிட்டனில் பிபிசியின் 'நியூஸ்ரவுண்ட்' 1972 முதல் வருகிறது. நெதர்லாந்தின் சிறுவர் செய்தி 1981 முதல் வருகிறது. ஜெர்மனியின் 'லோகோ' 1989 முதல் வருகிறது. சுமார் பத்து நிமிடங்களில் போர், தேர்தல், நிலநடுக்கம் எல்லாவற்றையும் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் விளக்குவதே 'லோகோ'வின் வேலை. பிள்ளைகளே நிருபர்களாகப் போய்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்பதும் உண்டு. இப்போது அது வரும் 'கிக்கா' அலைவரிசை, இரண்டு பொது ஒளிபரப்பு அமைப்புகள் சேர்ந்து 1997இல் எர்ஃபுர்ட் நகரில் தொடங்கிய சிறுவர் அலைவரிசை. அதில் விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 18.36 யூரோ கட்டும் ஒளிபரப்புக் கட்டணத்திலிருந்து அதற்குப் பணம் வருகிறது. அந்தக் கட்டணத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டும் ஜெர்மானியர் பலர் உண்டு. ஆயினும் கட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் 1990இல் 'சேனல் ஒன்' என்ற வணிக நிறுவனத்தின் பள்ளிச் செய்தி நிகழ்ச்சி வந்தது. அந்த நிறுவனம் பள்ளிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒளிப்பேழைக் கருவியும் செயற்கைக்கோள் தட்டும் இலவசமாகத் தரும். பதிலுக்குப் பள்ளி, பத்தில் ஒன்பது வேலைநாள்களில் அதன் 12 நிமிட நிகழ்ச்சியை வகுப்பறையில் போட வேண்டும். அதில் 10 நிமிடம் செய்தி, 2 நிமிடம் விளம்பரம். வீட்டில் விளம்பரம் வந்தால் பிள்ளை எழுந்து போகலாம், தாய் பெட்டியை அணைக்கலாம். வகுப்பறையில் எழுந்து போக மாணவனுக்கு உரிமை இல்லை, அணைக்கத் தாய் அங்கே இல்லை. வருகைப் பதிவு எடுத்து உட்கார வைத்த பிள்ளைகளுக்கு மிட்டாயும் குளிர்பானமும் காலணியும் விற்றார்கள். நியூயார்க் மாநிலம் தன் அரசுப் பள்ளிகளில் இதைத் தடுத்தது, ஆசிரியர் பலரும் எதிர்த்தார்கள். இருந்தும் பணமில்லாத பள்ளிகள் கையெழுத்திட்டன, 2018 வரை அது ஓடியது. பெற்றோரே பொறுப்பு என்ற எதிரணித் தலைவரைக் கேட்கிறேன்: பள்ளிக்குள் நடந்த இந்த வியாபாரத்தில் பெற்றோர் எங்கே இருந்தார்கள்?

'செசமி ஸ்ட்ரீட்' அரிய நிகழ்ச்சிதான். 1969இல் அது தொடங்கப்பட்டதன் நோக்கமே, பள்ளிக்குப் போகுமுன் எழுத்தும் எண்ணும் சொல்லித்தர ஆளில்லாத ஏழைக் குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுப்பதுதான். அந்த நிகழ்ச்சிக்கு அதன் தாய்நாடு என்ன செய்தது? பணத்தட்டுப்பாட்டால் 2016 முதல் அதன் புதிய பகுதிகள் சந்தா கட்டிப் பார்க்கும் எச்பிஓவில் முதலில் வந்தன. பொதுத் தொலைக்காட்சியை நம்பிய ஏழைக் குழந்தை ஒன்பது மாதம் காத்திருந்தது. 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. அந்தப் பணத்தைப் பகிர்ந்தளித்து வந்த, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான பொது ஒளிபரப்புக் கழகம், அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எதிரணி பெருமையோடு காட்டிய விளக்குக்கு எண்ணெய் நின்றுபோனது அவர்கள் புகழும் அந்த அமெரிக்க வழியில்தான்.

உடலைக் காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைச் சுருக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். 2004இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு பாடகியின் மார்பு நொடிப்பொழுது தெரிந்ததற்காக, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீதிமன்றம் அதைப் பிறகு நீக்கியது என்பதும் உண்மை. அதே நாட்டில் 2011இல், வன்முறை மிகுந்த வீடியோ விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டத்தை, அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ஜெர்மனியில் 2003 முதல் நடைமுறையில் உள்ள இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது முத்திரை குத்திய விளையாட்டைச் சிறுவனுக்கு விற்ற கடைக்காரர் அபராதம் கட்ட வேண்டும். மனித உடலைப் பார்ப்பதைவிட மனிதனைக் கொல்லப் பழகுவதே பிள்ளைக்குக் கேடு என்று அங்கே நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இனி, வீட்டுக்குள் அரசு நுழைவதில்லை என்ற வாதம். 1997 மே மாதம் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தாய், நியூயார்க் உணவகம் ஒன்றின் வாசலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் உறங்க வைத்துவிட்டு, கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்திருந்தார். கோபன்ஹேகனில் அது அன்றாடக் காட்சி. குளிர்காலத்திலும் குழந்தைகள் வெளிக்காற்றில் உறங்குவார்கள். நியூயார்க்கில் அவரைக் காவலர்கள் கைது செய்தார்கள். குழந்தை சில நாள்கள் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கப்பட்டது. குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. 2015இல் மேரிலாண்ட் மாநிலத்தில், பத்து வயதும் ஆறு வயதுமான அண்ணனும் தங்கையும் பூங்காவிலிருந்து தனியே நடந்து வந்ததற்காகக் காவலர் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெற்றோர் குழந்தைகள் நலத்துறையின் விசாரணைக்கு ஆளானார்கள். பிள்ளையைத் தனியே நடக்க விடுவது புறக்கணிப்பு ஆகாது என்பதற்கு 2018இல் யூட்டா மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள், வெளிச்சம் பட்டால் மின்னும் முக்கோணப் பட்டையை மார்பில் அணிந்துகொண்டு, மழலையர் பள்ளிக்குத் தாமே நடந்து போகிறார்கள். அங்கே குடியேறிய ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பட்டையை மாட்டித் தம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அவர்கள்.

ஐரோப்பிய அரசு வீட்டுக்குள் நுழைந்த இடமும் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிள்ளையை அடிப்பதை 1979இல் உலகிலேயே முதல் நாடாக சுவீடன் தடை செய்தது. அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். பெற்றோரைச் சிறைக்கு அனுப்பப் புதிய தண்டனை எதையும் எழுதவில்லை. வீடுதோறும் விளக்கக் கையேடு அனுப்பினார்கள். காலை உணவு மேசைக்கு வரும் பால் அட்டைப்பெட்டிகளில் அந்தச் செய்தியை அச்சிட்டார்கள்; தந்தையும் மகளும் சேர்ந்து படிக்க நேர்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மயாமியில் பலகையால் இருபது தடவைக்கு மேல் அடிக்கப்பட்ட பள்ளி மாணவனின் வழக்கில், கொடிய தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சிறைக் கைதிக்கு இருக்கும் பாதுகாப்பு மாணவனுக்கு இல்லை.

பீர் விஷயத்தில் எதிரணியின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய இளையோர் அதிகம் குடிக்கிறார்கள், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆயினும் யுனிசெஃப் 2020இல் 38 செல்வ நாடுகளின் குழந்தைகள் நலனை ஒப்பிட்டபோது நெதர்லாந்து, டென்மார்க், நார்வே மூன்றும் முதல் மூன்று இடங்களில் நின்றன. அமெரிக்கா 36ஆம் இடத்தில் நின்றது. ஊடகம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. வறுமையும் மருத்துவமும் அதில் கலந்திருக்கின்றன.

நிறைவாக ஒரு சட்டத்தின் பயணத்தைச் சொல்கிறேன். சிறுவர்கள் பயன்படுத்தக்கூடிய செயலிகளில் அந்தரங்கக் காப்பு தொடக்கத்திலேயே உச்சத்தில் இருக்க வேண்டும், பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி அணைந்திருக்க வேண்டும், தன்னைப் பற்றிய விவரத்தைக் கொடுக்கும்படி அதைத் தூண்டும் உத்திகள் கூடாது என்பன போன்ற 15 நெறிகளைப் பிரிட்டன் வகுத்தது. 2021 செப்டம்பரில் அவை முழு நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்கள் இணங்கின, வானம் இடிந்து விழவில்லை. அதைப் பார்த்த கலிஃபோர்னியா, ஏறத்தாழ அதே நெறிகளை 2022இல் தன் சட்டமாக்கியது. இணையப் பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான நெட்சாய்ஸ் வழக்குத் தொடுத்தது. 2023 செப்டம்பரில், அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, பேச்சுரிமையின் பெயரால் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு மேல்முறையீடு, மறு விசாரணை என்று வழக்கு நீண்டது. கலிஃபோர்னியாவின் பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இயற்றிய சட்டம் அது. பொறுப்பு பெற்றோரிடமே இருக்கிறது என்றால், அந்தப் பெற்றோர் கேட்ட பாதுகாப்பு அவர்கள் பிள்ளைகளைச் சென்றடையாமல் நின்றது யாருடைய சுதந்திரத்துக்காக? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடை சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.