ஆலை மூடியது ஏன்? டோரீன் மாஸி காட்டிய ஆய்வு வழி

[திரையில்: பிரிட்டன் வரைபடம். வடக்கே லிவர்பூல், மான்செஸ்டர், டைன் ஆற்றங்கரை.]

1970-களில் இந்த ஊர்களில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. ஊரில்தான் குறை, தொழிலாளிக்குத் திறமை போதாது என்றார்கள். இந்த விளக்கம் தவறு என்று ஆதாரத்தோடு காட்டிய புவியியலாளர் டோரீன் மாஸி.

1944-ல் பிறந்து மான்செஸ்டரின் வைதன்ஷாவில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, 1968-ல் லண்டனில் நகரத் திட்டமிடலை ஆராயும் மையம் ஒன்றில் சேர்ந்தார். இடையில் அமெரிக்கா போய், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வட்டார அறிவியலில் முதுகலை முடித்தார். ஆலை எங்கே அமையும் என்பதைப் போக்குவரத்துச் செலவு, கூலி, சந்தை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் துறை அது. அந்தக் கணக்கை முழுசாகக் கற்றுக்கொண்ட பிறகே 1973-ல் அதை விமர்சித்து எழுதினார். அவருடைய விமர்சனம் இன்றும் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கருத்து.

[திரையில்: மூன்று ஆலைகள், ஒரே கம்பெனிப் பெயர்.]

ரிச்சர்ட் மீகனோடு சேர்ந்து 1982-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை போகும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். முதல் வழியில் புது முதலீடு கிடையாது. அதே இயந்திரம், குறைந்த ஆள், கூடுதல் வேலைப்பளு. இரண்டாவதில் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்ற அளவையே குறைப்பார்கள், சில ஆலைகளை அடியோடு மூடுவார்கள். மூன்றாவதில் புது இயந்திரம் வரும். ஆனால் அது பழைய ஊருக்கே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றையும் ஒரே எண்ணிக்கையில் போட்டுக் கூட்டினால் காரணம் மறைந்துவிடும். இரண்டாவது வழியைக் கவனியுங்கள். கம்பெனி தன் ஆலையைத் தன்னுடைய மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டுத்தான் மூடுகிறது. ஆய்வாளரோ அந்த ஆலை நிற்கும் ஊரை மட்டும் துருவிக்கொண்டிருப்பார். முடிவு எடுக்கப்பட்ட இடம் வேறெங்கோ இருக்கும்.

1984-ல் வந்த அவருடைய முதன்மை நூல் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. தலைமையகமும் ஆராய்ச்சியும் லண்டனிலும் தென்கிழக்கிலும். பொருத்து வேலை தூரத்து வட்டாரங்களில். தெற்கு வேல்ஸில் சுரங்கங்கள் மூடி ஆண்கள் வேலை இழந்த பிறகு, அரசு மானியத்தோடு கிளை ஆலைகள் வந்தன. அவை பெரும்பாலும் பெண்களைக் குறைந்த கூலிக்கு எடுத்தன. முன்பு நிலக்கரி அங்கே இருந்திராவிட்டால் இந்த ஆலைகள் அந்த வடிவில் வந்திருக்காது. ஒவ்வொரு முதலீடும் முந்தையதன் மீது அடுக்காகப் படிகிறது என்றார்.

இதற்கு முன்பே, அவர் வேலை செய்த லண்டன் ஆய்வு மையத்துக்குப் பிரிட்டன் பிரதமர் தாட்சரின் அரசு நிதியை நிறுத்தியது. மாஸி 1982 முதல் 2009 வரை பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிஎச்டி செய்யாதவர்; 1998-ல் புவியியலின் உயரிய விருதான வோட்ரின் லூட் அவருக்குக் கிடைத்தது. 1992-ல் இரு சக ஆய்வாளர்களோடு அறிவியல் பூங்காக்களை, அதாவது ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான தனி வளாகங்களை, ஆராய்ந்தார். ஆய்வகத்தைத் தயாரிப்பிலிருந்து பிரித்துத் தனி வளாகத்தில் வைப்பது யோசிப்பவர், தயாரிப்பவர் என்ற வேலைப்பிரிவினையை இறுக்குகிறது என்று காட்டினார். 2016-ல் மறைந்தார்.

[திரையில்: ஒரு மாவட்டத்தின் ஆலைப் பட்டியல்.]

உங்கள் மாவட்டத்தை இப்படி ஆராய, ஆலைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு பத்தி போடுங்கள்: முதலீட்டு முடிவு எந்த ஊரில் எடுக்கப்படுகிறது, வடிவமைப்பு எங்கே, இதே பொருளைக் கம்பெனியின் வேறு எந்த ஆலை செய்கிறது, உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது. மூன்றாவது பத்தியை முதலில் நிரப்புங்கள். அதே பொருளை இன்னொரு ஆலையும் செய்தால், சந்தை சுருங்கும்போது இரண்டில் ஒன்றை மூடுவது கம்பெனிக்கு எளிது. இந்த ஆலை ஒரு கட்டத்தை மட்டும் செய்கிறது என்றால், அடுத்த கட்டத்தைச் செய்யும் ஆலை நின்றாலே இங்கும் வேலை நிற்கும். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தில் இவை இருக்காது. கம்பெனியின் ஆண்டறிக்கையையும் தொழிற்சங்கத்தாரையும்தான் கேட்க வேண்டும்.