ஒரு தொண்டை, இரண்டு சுரம்: துவா மக்களின் பாட்டைக் கேட்பது எப்படி?

[திரை கறுப்பு. ஒலி மட்டும்: கீழே ஒரு கனத்த கார்வை, அதன் மேல் விசில் போன்ற மெல்லிய மெட்டு.]

இப்போது நீங்கள் கேட்டது ஒரே ஒரு மனிதர் பாடியது. பின்னால் புல்லாங்குழல் கிடையாது. கணினியில் எதையும் சேர்க்கவும் இல்லை. கீழே ரீங்கரிக்கும் கார்வையும் அவர் குரல்தான், மேலே விசில் மாதிரி கேட்கிற மெட்டும் அவர் குரல்தான்.

[வரைபடம்: தெற்கு சைபீரியா]

ரஷ்யாவுக்குள், மங்கோலிய எல்லையை ஒட்டி இருக்கிறது துவா குடியரசு. தலைநகர் கிசில். மலையும் புல்வெளியுமான அந்த மண்ணில் ஆடு, குதிரை, யாக் மேய்த்து வாழ்ந்தவர்களின் பாட்டு இது. இப்படிப் பாடுவதற்கு அங்கே ஹோமெய் என்று பெயர்.

இணையத்தில் இதைப் பெரும்பாலும் வித்தையாகத்தான் காட்டுகிறார்கள். "அட, எப்படிப்பா!" என்று ஒரு நிமிடம் வியந்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். எங்கே காதை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், வருஷக்கணக்கில் கேட்கக்கூடிய இசை இது. அதைத் தெரிந்துகொள்ள நீங்களே கொஞ்சம் பாட வேண்டும். சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை.

வசதியான ஒரு சுருதியில் 'ஊ' என்று பிடியுங்கள். சுருதியை மாற்றாமல், மூச்சை விடாமல், மெல்ல 'ஈ'க்குப் போங்கள். ஊ... ஈ... இன்னும் மெதுவாக. குளியலறையில் செய்து பார்த்தால் தெளிவாகக் கேட்கும். சுருதி நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மேலே ஏறுகிறது. கேட்டீர்களா?

[திரையில்: 150, 300, 450, 600 என்று அடுக்கடுக்காகக் கோடுகள்]

நாம் ஒரு சுரம் பிடிக்கும்போது ஓர் அதிர்வெண் மட்டும் வருவதில்லை. தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் குரல்நாண் நொடிக்கு 150 முறை அதிர்ந்தால், கூடவே 300, 450, 600 என்று அதன் மடங்குகளும் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த மேற்சுரங்கள் இவைதான். நாக்கும் உதடும் அசைந்து வாய்க்குள் இருக்கும் இடத்தின் வடிவம் மாறும்போது சில மடங்குகள் எழும்பும், சில அமுங்கும். 'ஊ' வேறு, 'ஈ' வேறு என்று நம் காதுக்குத் தெரிவதே இதனால்தான். துவாப் பாடகர் இதையே கடைசி எல்லை வரை கொண்டுபோகிறார். ஒரே ஒரு மடங்கை மட்டும் தூக்கி நிறுத்தி, மற்றதை அமுக்கிவிடுகிறார். நாக்கைத் துளி நகர்த்தினால் அடுத்த மடங்கு எழும்பும். மெட்டு இப்படித்தான் உருவாகிறது.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், வாயில் வைத்து மீட்டும் மோர்சிங் என்ற சின்னக் கருவியைக் கேட்டவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். அதன் உலோக நாக்குக்கு ஒரே சுருதிதான். வாசிப்பவர் வாயின் வடிவத்தை மாற்றித்தான் அத்தனை ஒலிகளையும் வரவழைக்கிறார். துவாவிலும் அதே வகைக் கருவி உண்டு, பெயர் ஹோமுஸ். தம்புராவையும் நினைத்துப் பாருங்கள். மந்தர ஸட்ஜத் தந்தியை, அதாவது கீழ் 'ஸ'வை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம், அதாவது 'க', தானாகக் கேட்கும். அது அந்தத் தந்தியின் ஐந்தாவது மடங்கு.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

[திரையில்: 6 · 8 · 9 · 10 · 12]

துவாப் பாடகர்கள் பெரும்பாலும் ஆறாவது மடங்கிலிருந்து பன்னிரண்டாவது வரைதான் மெட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் ஏழையும் பதினொன்றையும் வழக்கமாகத் தாண்டிவிடுவார்கள். மிஞ்சுவதில் எட்டை ஸட்ஜமாக (ஸ) வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சதுச்ருதி ரிஷபம் (ரி), பத்து அந்தர காந்தாரம் (க), பன்னிரண்டு பஞ்சமம் (ப). ஆறு, கீழ்ப் பஞ்சமம். ஸ ரி க ப! மோகன ராகத்தில் தைவதத்தை (த) மட்டும் எடுத்துவிட்டால் இதுதானே? சிலர் பதின்மூன்றாவது மடங்கையும் தொடுவதுண்டு, அது தைவதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். இங்கிருந்து அங்கே போனது என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். ஒலியின் இயல்பே கொடுத்த சுரங்கள் அவை. ஆனால் மோகனத்தில் ஊறிய காது இந்தப் பாட்டை அந்நியமாக உணராது என்று தைரியமாகச் சொல்வேன்.

விசில் போலக் கூர்மையாக ஒலிக்கும் பாணிக்கு சிகித் என்று பெயர். அடிவயிற்றில் அதிர்கிற பாணி கர்கிரா. குரல்நாணுக்குச் சற்று மேலே போலிக் குரல்நாண் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. சாதாரணமாகப் பேசும்போது அவை சும்மா இருக்கும். கர்கிராவில் அவையும் பாதி வேகத்தில் அதிர்வதால் குரல் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸ-விலிருந்து அதற்குக் கீழே உள்ள ஸ வரை, கீழே இறங்கிவிடும். செல்போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஒலி வரவே வராது. தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள்.

[நிழற்படம்: பால் பெனா, கிதாருடன்]

இவர் பால் பெனா, கண்பார்வை இல்லாத அமெரிக்க ப்ளூஸ் பாடகர். 1984இல் சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்தபோது மாஸ்கோ ஒலிபரப்பில் இந்தக் குரல் காதில் விழுந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கவே அவருக்குப் பல வருஷங்கள் ஆயின. அப்புறம் ஓர் ஒலிப்பதிவு கிடைத்தது. அதைக் கேட்டுக் கேட்டே தானாகப் பாடப் பழகினார். ப்ளூஸில் வரும் கரகரத்த அடிக்குரலுக்கும் கர்கிராவுக்கும் இருக்கிற நெருக்கம் அவர் காதுக்கு உடனே பிடிபட்டது. 1993இல் துவாவின் புகழ்பெற்ற பாடகர் கோங்கர்-ஓல் ஒந்தார் அமெரிக்கா வந்தபோது அவர் முன்னால் பாடிக் காட்டினார். ஒந்தார் அவரை ஊருக்கு அழைத்தார். 1995இல் கிசிலில் நடந்த போட்டியில், துவாக்காரர்கள் மத்தியில், கர்கிரா பிரிவில் பெனாதான் வென்றார். எவ்வளவு பெரிய விஷயம்! தனக்குத் தெரிந்த ப்ளூஸை அவர் தள்ளி வைக்கவில்லை, அதைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

இந்தப் பாட்டில் பல்லவி சரணம் தேடாதீர்கள். ஓடை உருள்வது, காற்று வீசுவது, குதிரைச் சவாரியில் கால் வைக்கும் அங்கவடி குலுங்குவது, இவைதான் இதில் பாடப்படுகின்றன. எஸெங்கிலேர் என்ற பாணியில் அந்தக் குதிரை நடையின் குலுக்கல் அப்படியே குரலில் கேட்கும். குரலின் நிறம் எங்கே மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்? 1992இல் தொடங்கிய ஹூன்-ஹூர்-து குழுவிலிருந்து. இகில் என்ற இரண்டு தந்தி வில்வாத்தியமும் குரலும் அவர்களிடம் அழகாகச் சேரும். அடுத்து துவா கிசி, பெண்கள் மட்டுமே பாடும் குழு. பெண்கள் ஹோமெய் பாடினால் பிள்ளைப்பேறு கெடும் என்று சொல்லித் தடுத்துவந்த ஊரில் அவர்கள் மேடை ஏறிப் பாடினார்கள். அதற்காகவும் கேளுங்கள், குரலுக்காகவும் கேளுங்கள்.

அதன் பிறகு இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்குப் போங்கள். அங்கே நான்கு ஆண்கள் நெருக்கமாக வட்டமிட்டு நின்று பாடும் கந்து அ தெனோரே என்ற மரபு உண்டு. அதில் பாஸு என்ற அடிக்குரலும் கர்கிரா மாதிரியே போலிக் குரல்நாணால் பிறக்கிறது. முதல் தடவை கேட்கும்போது மற்ற மூவரையும் விட்டுவிட்டு, அந்த ஒரு குரலைக் கடைசி வரை பின்தொடருங்கள்.