பிரிக்காத பெட்டி பறந்து போகும்

நடுவர் அவர்களே, இரண்டு அணிக்காரர்களே, திருவிழாக் கடையில ஒரு கண்ணும் மேடையில ஒரு கண்ணுமா உட்கார்ந்திருக்கிற ஊர்மக்களே, வணக்கம்.

வாழ்க்கையில் மிஞ்சுவது துணிந்து இறங்கித் தோற்கிறவருக்கா, பார்த்துப் பார்த்து நிற்கிறவருக்கா? நான் தோற்கிறவர் கட்சி. தலைப்பை இதுக்கு மேல தொடப் போறதில்ல. எனக்கு எதிரணி அண்ணாச்சிகிட்ட ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

அண்ணாச்சி சொன்னார்: "மார்த்தாண்டத்துல தேனீ வளர்க்கிறவன் முகம் வீங்கியிருக்கும், தேனைக் கடையில வாங்குறவன் முகம் சிரிச்சிருக்கும்." என்னா கைதட்டு! நானும்தான் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி, முகம் ஏன் வீங்குதுன்னு தெரியுமா? ஈ கொட்டினா கொடுக்கும் விஷப்பையும் நம்ம தோல்லயே நின்னுடும். ஈ போன பிறகும் அந்தப் பை தானா துடிச்சு விஷத்தை இறக்கிக்கிட்டே இருக்கும். நகத்தால சட்டுனு சுரண்டி எறிஞ்சவனுக்கு ஒரு தடிப்பு, அவ்வளவுதான். "இழுக்கவா, சுரண்டவா, யாரையாவது கேட்கவா"ன்னு பார்த்துப் பார்த்து நிக்கிறான் பாருங்க, அவனுக்குத்தான் முகம் பூசணிக்காய்! அந்த வீங்கின மூஞ்சி உங்க கட்சிக்காரர், அண்ணாச்சி!

இன்னொண்ணு. கொட்டின இடத்துலருந்து ஒரு வாசம் கிளம்பும். பழுத்த வாழைப்பழ வாசம். மத்த ஈக்களுக்கு அது அபாயச் சங்கு, கூட்டமா வந்துரும். நம்ம ஊர்ல ஆளுக்கொரு மட்டி வாழைப்பழத்தோட திரிவோம். தின்னுக்கிட்டே தேனீப் பெட்டியைத் திறந்துட்டு ஈ மேல பழி போடக் கூடாது. (கொட்டினா மூச்சு முட்டுறவங்க பெட்டிப் பக்கமே போகாதீங்க. அது துணிச்சல் இல்ல, மடத்தனம்.)

இப்ப விளவங்கோடு பக்கம் ஒரு பாட்டான்னு வச்சுக்கிடுங்க. பத்துப் பெட்டி வச்சிருக்கார். நம்ம ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்துட்டு, சனவரி, பிப்ரவரியில தளிர் விடும். தேன் பூவுல இல்ல. மூணு இலை சேர்ற காம்பு நுனியில சுரக்கும். அந்தத் தேனை அள்ள ஆள்பலம் வேணும். அதனால முந்தின மாசங்கள்லயே ஒரு பெட்டி ஈயை ரெண்டு பெட்டியாப் பிரிச்சுப் பெருக்கணும்.

பேரன் கேக்கான்: "பாட்டா, நல்லா இருக்க பெட்டிய எதுக்குப் பிரிக்கணும்?" எதிரணியோட கேள்வியும் இதேதான். பாட்டா சொல்றார்: "மக்களே, நாம பிரிக்கலேன்னா அதுவே பிரிஞ்சு போவும்." ஈ பெருகி இடம் நெருக்கினா பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு அடுத்தவன் மாமரத்துல போய்த் தொங்கும். பார்த்து நிக்கிறவன் அப்பவும் பார்த்துக்கிட்டேதான் நிப்பான், அண்ணாந்து!

பாட்டா பிரிக்கார். அடையோட அடியில நிலக்கடலை மாதிரி தொங்கும் ராணி அறை. அது இருக்க சட்டத்தை, அதான் அடை கட்டியிருக்க மரச்சட்டத்தை, உதறப்பிடாது. உள்ளே இருக்க பிள்ளை செத்துரும். இறகால ஈயை மெல்லத் தள்ளணும். அந்தச் சட்டம், முட்டையும் புழுவும் உள்ள ஒண்ணு, தேன் உள்ள ஒண்ணு, மூணையும் பழைய இடத்துல புதுப்பெட்டியில வைக்கணும். தாய்ராணியோட பழைய பெட்டியைத் தள்ளி வைக்கணும். வெளியே போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி புதுப்பெட்டியை நிறைக்கும். சம அளவு சீனியும் தண்ணியும் கலந்து வச்சு, வாசலை ஒரு ஈ போற அளவுக்குச் சுருக்கிட்டா முடிஞ்சுது.

முடிஞ்சுதா? இனிதான் சூதாட்டம். புது ராணி இணைசேரப் பறந்து போகணும். மழை பிடிச்சா போக்கு இல்ல. போனா பஞ்சுருட்டான் குருவி கொத்திரும். தப்பிச்சா ஆண் ஈக்கள் துரத்தும். அங்க ஜெயிச்ச மாப்பிள்ளை கதி என்ன தெரியுமா? அந்த இடத்துலயே செத்து விழுவான். தோத்தவனெல்லாம் பெட்டிக்குத் திரும்பி வந்து தேன் குடிப்பான்! பின்னால நிக்கிறவங்களுக்காகத் திரும்பச் சொல்றேன்: ஜெயிச்சவன் செத்தான், தோத்தவன் தேன் குடிச்சான். அண்ணாச்சி, இனியாவது தோல்வியைக் கேவலமாப் பேசாதீங்க!

மூணு வாரத்துல முட்டை தெரியலேன்னா ராணி தோத்துப்போச்சு. வீம்புக்கு இன்னும் காத்திருந்தா வேலைக்கார ஈயே முட்டை போட ஆரம்பிக்கும். அதுல பிறக்கிறதெல்லாம் ஆண். ஆம்பளைங்க மட்டும் உள்ள வீட்ல என்ன வேலை நடக்கும்? அக்காமாரே, நீங்களே சொல்லுங்க! பாட்டா காத்திருக்க மாட்டார். ராணி உள்ள பெட்டி மேல பழைய பேப்பர் விரிச்சு, ஊசியால குத்தி, ராணியில்லாத பெட்டியை அதுமேல வைப்பார். பேப்பரைக் கடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு வீட்டு வாசமும் ஒண்ணாயிரும், சண்டை இல்ல. துணிச்சல் பெட்டியைப் பிரிக்கறதுல பாதிதான். மிச்சம் அந்தப் பேப்பரை விரிக்கிறதுல இருக்கு.

1991, 92-ல தேனீக்கு வைரஸ் நோய் வந்துது. புழு கூட்டுப்புழு ஆகாம, தண்ணிப் பையா வீங்கிச் செத்துது. மருந்து கிடையாது. நம்ம குமரி மாவட்டம் பூரா பெட்டி காலி. 1920-கள்ல அமெரிக்காக்காரர் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்துல சொல்லிக் கொடுத்த காலத்துலருந்து வளர்ந்த தொழில் அது. பெட்டியை விறகாக்கினவங்க உண்டு. தப்பிப் பிழைச்ச ஒண்ணு ரெண்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பெருக்கினவங்களும் உண்டு. இன்னைக்கு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. விறகுக்கு யாரும் குறியீடு கொடுக்கல!

நடுவர் மணியில கை வைக்கார். ஒரு நிமிஷம், ஐயா.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேர் திரும்பல. குளச்சல்லயும் தூத்தூர்லயும் இந்த நாளைச் சொன்னா இன்னும் பேச்சு நின்னுரும். கரையில ரப்பர் மரம் வரிசை வரிசையா முறிஞ்சு கிடந்துது. அந்தத் தோட்டத்துல ஒரு பாட்டியை நினைச்சுப் பாருங்க. வயசு எழுபத்தஞ்சு. மகன் சொல்றான், "அம்மா, கன்னு வச்சா பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும்." பாட்டி மண்வெட்டியை அவன் கையில கொடுக்கா. "ரெண்டரை அடிக் குழி வெட்டு மக்களே. ஆழம் குறையாண்டாம்."

அந்தக் கன்னு இப்ப மரம். தையில தளிர் விடும். பாட்டி இருக்காளோ இல்லியோ, காம்பு நுனியில ஈ வந்து உட்காரும்.

மணி அடிச்சிட்டீங்க. வணக்கம்.